பூஜையில் வைத்த வீடியோ கேம்

போன ஆயுத பூஜையன்று நான் சிதம்பரத்துக்குப் போனது ஒரு பேட்டரி மாற்ற. ஐம்பத்தொரு வயது அறிவியல் வாத்தியார், கடலூரிலிருந்து வீடியோ கேம் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனால் கண்டக்டர் எப்படிப் பார்ப்பார் என்பதை நான் விவரிக்கப் போவதில்லை.

அந்தப் பெட்டி நான் கல்லூரியில் படித்தபோதே பழசு. குதிக்கிற, சுடுகிற ஆட்டங்களுக்கு மட்டும் செய்தது. எல்லாரும் புதுப் பெட்டிகளுக்கு மாறிவிட்ட பிறகு, எவனோ ஒரு பிடிவாதக்காரன் அதற்காகக் கடைசியாக ஒரு கேசட் செய்திருக்கிறான். உள்ளே ஒரு தேசமே இருக்கிறது. மழை பெய்கிறது. பொழுது சாய்ந்தால் கடைக்காரன் கடையைச் சாத்துகிறான். முதல் ஊரில் நான் பொய் சொல்லி ஏமாற்றிய படகோட்டி, பத்தாவது ஊரில் என்னைப் பற்றிக் கோள் மூட்டி வைத்திருக்கிறான். திரையில் ஐந்து பேருக்கு மேல் வந்தால் பெட்டி திணறி, ஆட்கள் மினுக்கி மினுக்கி மறைவார்கள். இவ்வளவையும் இதற்குள் எப்படித் திணித்தார்கள் என்று முதல் நாள் பிளந்த வாயை மூன்று வருஷமாகியும் நான் மூடவில்லை.

மூன்று வருஷத்தில் கடைசிக் கோட்டை வரை போய்விட்டேன். முடிவை உனக்குக் காட்டாமல் விடமாட்டேன் என்று மனைவியிடம் சவால் வேறு. நான் கடந்து வந்த தூரத்தையெல்லாம் நினைவில் வைத்திருப்பது கேசட்டுக்குள் இருக்கும் காசளவு பேட்டரி. அது சாகப்போகிறது. செத்தால் மறுபடி முதல் ஊர்.

மனைவியின் தம்பி சிதம்பரத்தில் டிவி ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். பெட்டியை ஓடவிட்டுக்கொண்டே கேசட்டைப் பிரித்து, பழைய பேட்டரியைச் சூடுவைத்துக் கழற்றினான்.

"மாமா, இப்ப இந்தக் கரண்டுலதான் உசுரு நிக்குது. புதுசு வைக்கிற வரைக்கும் ஆஃப் ஆவக்கூடாது."

"ஆனா?"

"போச்சு. நீ இங்க நின்னா என் கை நடுங்குது. போய் பூசணிக்காயும் பொரியும் வாங்கியா."

வாங்கிக்கொண்டு அரை மணியில் திரும்பினேன். கடையைக் கழுவிவிட்டிருந்தான். மேசையில் மீட்டர், ஸ்க்ரூ டிரைவர், சால்டரிங் அயர்ன், கஸ்டமர் டிவி ரெண்டு, எல்லாம் வரிசையாக. ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம். கடைசியில் என் பெட்டி. வயர் சுருட்டி, தலையில் ஒரு செம்பருத்திப்பூ. பெட்டியின் சிவப்பு விளக்கு எரியவில்லை.

மச்சான் கண்ணை மூடிக் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தான். சாமி கும்பிடுகிறவனைக் கூப்பிடவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. பொரியை வாயில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஒரு தடவை அழுதுவிட்டேன் என்றே நினைக்கிறேன். பூசணிக்காயை உடைக்கச் சொன்னார்கள். நான் போட்ட போட்டில் எதிர்க் கடைக்காரர் சட்டையெல்லாம் குங்குமம்.

"ஏன்டா மச்சான் ஆஃப் பண்ண?"

"பூஜைல ஓடுற மெஷின வைக்க முடியுமா? புது பேட்டரிய வச்சிட்டுதான் நிறுத்துனேன். உசுரப் புடிச்சு வச்சிருக்கான்னு போட்டுப் பாத்தாதான் தெரியும்."

"அப்ப போடு."

"நல்லா சொன்ன போ. பூஜைல வச்சத நாளைக்குத்தான் மாமா எடுப்பாங்க. வாத்தியாரு, இதுகூடத் தெரியல."

இயற்பியல் விதிகளை இருபத்தைந்து வருஷமாகக் கற்பிக்கிறேன். அவை எதுவும் அந்தச் செம்பருத்திப்பூவை எடுக்க எனக்குத் தைரியம் தரவில்லை. வெறுங்கையோடு கடலூருக்குத் திரும்பி, "நல்லபடியா முடிஞ்சுது, நாளைக்கு எடுத்துக்கலாம்" என்று மனைவியிடம் சிரித்தேன். "அப்ப நானும் வரேன், தம்பியப் பாத்து நாளாச்சு" என்றாள். சிரிப்பை அப்படியே வைத்துக்கொண்டேன்.

விஜயதசமி காலையில் மச்சான் பூவை எடுத்துவிட்டு ஸ்விட்சைப் போட்டான். நான் சுவரைப் பார்த்தபடி நின்றேன்.

"இருக்கு மாமா. கோட்டை வாசல்லயே நிக்கிறான் உன் ஆளு."

நாற்காலி எங்கே என்று பார்க்காமல் உட்கார்ந்தேன். நல்லவேளை, இருந்தது.

"இரு, அடுத்த பக்கத்தையும் பாத்துருவோம்" என்று பட்டனை அழுத்தினான் அவன். அடுத்த பக்கம் என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. அங்கே இன்னொரு பயணம் பதிந்திருந்தது. பேர் இல்லை, மூன்று புள்ளிதான். பக்கத்தில் ஒரு கிரீடம்.

"இது யாருது? ஆட்டத்தயே முடிச்சிருக்காங்க."

மனைவி பொரியில் இருந்த கடலையைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நீங்க ஸ்கூலுக்குப் போயிட்டா பகல்ல எனக்கு வேற என்னங்க வேலை?"

"எப்ப முடிச்ச?" என்றேன்.

"ஆடி மாசம். நீங்களா காட்டுறப்ப புதுசா பாக்குற மாதிரி பாக்கலாம்னு இருந்தேன்."

மச்சான் மேசையில் தலையை வைத்துச் சிரித்தான். மூன்று மாதமாகத் தினமும் சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து, "ஐயோ, இப்ப என்னங்க ஆவும்?" என்று கேட்டவள் இவள்.

"சரி, கோட்டைக்குள்ள என்ன இருக்கு?" என்று கேட்டேன்.

"சொல்லமாட்டேன். அந்த வடக்குக் கதவ மட்டும் தொறக்காதீங்க."

ஒரு மாதமாக நான் மறுபடி மறுபடி திறந்து செத்துக்கொண்டிருந்தது அந்தக் கதவைத்தான்.