வெற்றுக் குப்பியில் பன்னிரண்டாவது எண்ணெய்

காத்திருப்போர் பட்டியலில் அந்தச் சிறுமியின் எண் 212. ஆராய்ச்சியில் இடம் நாற்பது பேருக்கு.

வலிப்பு நோய்க்குக் கஞ்சா எண்ணெயை மருந்தாகக் கொடுக்கச் சட்டம் ஒரே ஒரு கதவைத்தான் திறந்து வைத்திருக்கிறது. ஒரு மருத்துவமனை, ஓர் ஆராய்ச்சி, நாற்பது பிள்ளைகள். அதன் முடிவைப் பார்த்து, அதற்கென்று அமைத்த குழு சரி என்று சொன்னால் மற்றவர்களுக்கும் கிடைக்கும். குழு மூன்று வருஷமாகக் கூடுகிறது, கலைகிறது. அதுவரை அந்த எண்ணெயை வெளியில் வாங்கினாலும் குற்றம், வீட்டில் வைத்திருந்தாலும் குற்றம். பிடிபட்ட புட்டியில் இருப்பது அதுதானா என்று சோதித்துச் சொல்வது அரசுப் பரிசோதனைக்கூடம். அங்கே இருபத்தொரு வருஷமாக அந்த வேலையைப் பார்ப்பவர் சிறுமியின் தாய்மாமன்.

கூடத்தில் அவருக்கு வைத்த பெயர் அரைமில்லி. எதையும் அரை மில்லி பிசகாமல் அளப்பார். "சாருக்கு காப்பி ஊத்தறதா இருந்தா அளவுக் குழாயோட வாங்கப்பா" என்று பக்கத்து மேஜைக்காரர் கிண்டலடிப்பார். அரைமில்லியும் சிரிப்பார். பயந்த சுபாவம். வீட்டைப் பூட்டினால் பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பார். தூரத்தில் போலீஸ் வண்டி தெரிந்தால், தப்பே செய்யாவிட்டாலும் சட்டைப் பொத்தானைச் சரிபார்ப்பார். அப்படிப்பட்ட ஆள் பதினொரு மாதமாக, சம்பளம் வாங்கும் இடத்திலேயே குற்றம் செய்துகொண்டிருந்தார்.

தொடக்கி வைத்தது தங்கை. அவள் மகளுக்கு ஆறு வயது. நாளைக்கு முப்பது தடவைக்குக் குறையாமல் வலிப்பு வரும். வீட்டுக்குள்ளும் பஞ்சு வைத்த தொப்பியோடுதான் நடப்பாள். மேஜை முனைகளுக்கெல்லாம் பழைய துணி சுற்றியிருந்தது. நான்கு மருந்து மாற்றியும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் இன்னொரு பிள்ளையின் அம்மா காதோடு காதாக ஒரு போன் நம்பர் கொடுத்தாள். தங்கை புட்டியை வாங்கிவிட்டாள். வாங்கிய பிறகு பிள்ளையின் வாயில் விடப் பயம். நேராக அண்ணனிடம் வந்தாள்.

"இதுல என்ன இருக்குன்னு மட்டும் பாத்துச் சொல்லுண்ணா."

"உனக்குப் பைத்தியமா? நான் எங்க வேலை பாக்கறேன்னு தெரியுமில்ல?"

"தெரிஞ்சுதானே வந்தேன். பின்ன தையக்கடைல போயா கேக்கறது?"

அவர் மாட்டேன் என்றுதான் சொன்னார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே பிள்ளைக்கு வந்துவிட்டது. கண் மேலே செருகி, கைகால் வெட்டி இழுத்து, ஒன்றரை நிமிஷம். அவர் கடிகாரத்தைப் பார்த்து அளந்தார். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை. புட்டியைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

சோதனைக் கருவி ஒரு துணிப்பெட்டி அளவு இருக்கும். வட்டத் தட்டில் சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகளை வரிசையாக வைத்தால், ஊசி ஒவ்வொன்றாக இறங்கி ஒரு துளி எடுத்து ஆராயும். உள்ளே என்னென்ன இருக்கிறதோ அவை திரையில் கோடுகளாக எழும்பும். இரண்டு வழக்குகளுக்கு நடுவே ஒரு வெற்றுக் குப்பி வைப்பது கூடத்தின் விதி. அதில் சுத்தமான கரைப்பான் மட்டுமே இருக்கும். முந்தியதன் மிச்சம் எதுவும் ஊசியில் ஒட்டவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி. வெற்றுக் குப்பிக்கு வழக்கு எண் கிடையாது. அதன் முடிவை யாரும் அச்செடுப்பதும் இல்லை.

அரைமில்லி தங்கையின் எண்ணெயை அந்த வெற்றுக் குப்பியில் வைத்தார். அதற்கடுத்து நிஜமான வெற்றுக் குப்பி ஒன்றை வைத்து ஊசியைக் கழுவினார்.

முதல் புட்டியில் பச்சைச் சாயம் போட்ட சமையல் எண்ணெய்தான் இருந்தது. இரண்டாவது நிஜம். எத்தனை சொட்டு என்று கணக்குப் போட்டு அவர் சொல்ல, தங்கை கொடுத்தாள். மூன்று வாரத்தில் நாளுக்கு முப்பது தடவை வந்த வலிப்பு நான்காகக் குறைந்தது. பிள்ளை தொப்பியைக் கழற்றி நாய் பொம்மைக்குப் போட்டுவிட்டாள். அதன் பிறகு அவரால் நிறுத்த முடியவில்லை. விற்கிறவன் ஒருவனே, ஆனால் ஒரு புட்டி போல் இன்னொன்று இருக்காது. வாங்கிய பதினொரு புட்டிகளில் நாலு வெறும் எண்ணெய். இரண்டில் குழந்தைக்குக் கொடுக்கவே கூடாத அளவு போதைப்பொருள். ஐந்துதான் தேறின. ஒவ்வொரு தடவையும் தட்டு சுற்றி முடிக்கும் நாற்பது நிமிஷமும் அவர் கழிப்பறைக்குக்கூடப் போகாமல் கருவியை மறைத்தபடி நிற்பார். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டால் பேனாவைத் திறந்து எதையோ எழுதுவார்.

பன்னிரண்டாவது புட்டியை வைத்த அன்று தங்கையிடமிருந்து போன் வந்தது. பிள்ளை படிக்கட்டில் விழுந்துவிட்டாள், நெற்றியில் தையல். அவர் பாதி வேலையில் ஓடினார். திரும்பி வந்து முடிவைப் பார்த்தார். எண்ணெய் மிகவும் கடுமையானது. சொட்டைப் பாதியாக்கச் சொன்னார். அன்றைய வழக்குகளின் அறிக்கைகளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்.

இருபத்துமூன்று நாள் கழித்துப் பிரிவுத் தலைவி ஒரு வக்கீல் கடிதத்தை நீட்டினார்.

"பார்சல் கொண்டு போற ஆளு ஒருத்தன். பையில எண்ணெய்ப் புட்டி. கஞ்சா இருக்குன்னு நீங்கதான் சொல்லியிருக்கீங்க. அவன் முழங்கால் வலிக்குத் தேய்க்கிற எண்ணெய்ங்கறானாம். இன்னொரு தடவை பாத்துருங்க."

"எல்லாரும் அதத்தானே மேடம் சொல்றாங்க" என்றார் பக்கத்து மேஜைக்காரர். "முழங்கால் வலி இல்லாத கடத்தல்காரன நான் பாத்ததே இல்ல."

அரைமில்லி மறுபடி சோதித்தார். திரையில் கோடு படுத்தே கிடந்தது. ஒன்றுமில்லை. ஊசியைக் கழுவி இன்னொரு தடவை. ஒன்றுமே இல்லை.

பழைய பதிவைத் திறந்து தேதியைப் பார்த்தார். படிக்கட்டில் பிள்ளை விழுந்த நாள். முதலில் ஒரு வழக்கு, அடுத்து வெற்றுக் குப்பியில் தங்கையின் பன்னிரண்டாவது எண்ணெய், அதற்கு அடுத்து நேராக பார்சல்காரனின் புட்டி. நடுவில் கழுவும் குப்பி இல்லை. அவசரத்தில் மறந்திருந்தார். ஊசியில் ஒட்டியிருந்த தங்கையின் எண்ணெய்தான் பார்சல்காரனின் முடிவில் எழும்பியிருக்கிறது. அதற்காக அவன் இருபத்துமூன்று நாளாகச் சிறையில் இருக்கிறான்.

முதல் முடிவும் மறுசோதனை முடிவும் வேறுபட்டால் அந்த நாளின் எல்லாப் பதிவுகளையும், வெற்றுக் குப்பிகள் உட்பட, அச்செடுத்துத் தர வேண்டும். அதுவும் விதி. வெற்றுக் குப்பியில் கஞ்சா எப்படி வந்தது என்ற ஒரு கேள்வி போதும். அவர் வேலை போகும், சிறைக்கும் போகலாம். தங்கை வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். பிள்ளைக்குச் சொட்டு நிற்கும்.

பார்சல்காரனின் புட்டியில் இரண்டு மில்லிதான் மிச்சம். மாதிரி தீர்ந்துவிட்டால் மறுசோதனை இல்லை, முதல் அறிக்கையே நிற்கும். அவர் புட்டியைக் கழுவுதொட்டிக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றார். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. கையுறைக்குள் விரல்கள் வேர்த்துக் கொழகொழத்தன. எவ்வளவு நேரம் அப்படி நின்றார் என்று, எல்லாவற்றையும் அளக்கிற அந்த ஆளுக்குத் தெரியவில்லை. யாரோ கதவைத் திறந்தார்கள். துப்புரவுக்கார அம்மா. அரைமில்லி புட்டியை மூடி, குளிர்பெட்டியில் வைத்துப் பூட்டினார். பூட்டை இழுத்துப் பார்த்தார், ஐந்து தடவை.

சாயந்திரம் தங்கை வீட்டுக்குப் போனார். நெற்றியில் தழும்போடு பிள்ளை ஓடி வந்தாள்.

"மாமா, கசப்பு குடிச்சிட்டேன். அழவே இல்ல!"

அவளை உள்ளே அனுப்பிவிட்டு நடந்ததைத் தங்கையிடம் சொன்னார்.

"சொல்லலைன்னா?"

"அவன் உள்ள கெடப்பான்."

"சொன்னா?"

அவர் பிள்ளை போன அறையைப் பார்த்தார்.

"அவனுக்கு வக்கீல் இருக்காருண்ணா. எம்பொண்ணுக்கு நீ மட்டுந்தான்."

"அவன உள்ள வச்சிருக்கறது என் கையெழுத்தும்மா."

"பெரிய தர்மராசா! இந்த ஞாயம் புட்டியப் பையில போட்டப்ப எங்க போச்சு?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிள்ளையிடம் சொல்லிக்கொள்ளாமல் எழுந்தார். படியிறங்கும்போது மேலேயிருந்து குரல் வந்தது, அழுகையும் ஆத்திரமுமாக.

"எழுதறதா இருந்தா எல்லாத்தையும் எழுது. நாலு புட்டில வெறும் எண்ணெய வச்சு ஏமாத்துனாங்களே, அதயும் எழுது. அந்தக் குழு பாக்கட்டும், நாங்க எதக் குடுக்கறோம்னு தெரியாமக் குடுக்கறத!"

மறுநாள் காலை பத்து மணிக்கு அவர் நான்கு பக்கம் கொண்டுபோய்ப் பிரிவுத் தலைவியின் மேஜையில் வைத்தார். முதல் பக்கத்தில் பார்சல்காரனின் எண்ணெயில் எதுவும் இல்லை என்ற அறிக்கை. இரண்டாவதில் அது ஏன் இருப்பதாக வந்தது என்பது. கடைசி இரண்டில் பன்னிரண்டு புட்டிகளின் முடிவுகள், தேதியோடு, அளவோடு. நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

தலைவி படித்துவிட்டு எழுந்து போய் அறைக்கதவைச் சாத்தினார்.

"வெளிய விக்கிற எண்ணெயில என்ன இருக்குன்னு ஒரு தகவலும் இல்லைன்னு குழு எனக்கு மூணு கடிதம் போட்டிருக்கு. தகவல் இங்கயே, என் கருவிக்குள்ளயே இருந்திருக்கு." காகிதத்தை மடக்கினார். "இத அவங்களுக்கு அனுப்பறேன். ஆனா இது உங்களக் காப்பாத்தாது, தெரியுமில்ல?"

"தெரியும் மேடம்."

"அந்தப் பன்னிரண்டாவது புட்டி இப்ப எங்க இருக்கு?"

இந்தக் கேள்வி வரும் என்று விடியும்வரை நினைத்திருந்தவர் சட்டைப் பொத்தானைச் சரிபார்த்தார்.

தலைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நான் கேக்கல. விசாரணையில கேப்பாங்க. சாவியையும் அட்டையையும் வச்சிட்டுப் போங்க."

பார்சல்காரன் செவ்வாய்க்கிழமை வெளியே வந்தான். அரைமில்லியின் விசாரணை அடுத்த மாதம் நான்காம் தேதி, பதினொரு மணிக்கு. காத்திருப்போர் பட்டியலில் சிறுமியின் எண் இப்போது 209. தங்கை வீட்டுப் புட்டியில் ஒன்பது நாளைக்கு எண்ணெய் இருக்கிறது.