என் பேப்பரில் இல்லாத கோடு

2002-இல் மதுரையில் ஒரு பெண்கள் பள்ளியில் ப்ளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். சமயநல்லூரிலிருந்து தினமும் டவுன் பஸ். சிங்கப்பூரில் வேலை பார்த்த மாமா, வரைபடம் போடும் கால்குலேட்டர் ஒன்றை வாங்கி வந்து தந்திருந்தார். சமன்பாட்டைத் தட்டினால் சின்னத் திரையில் வளைகோடு வந்துவிடும். வீட்டில் கணக்கைக் கையால் போட்டுவிட்டு, சரியா என்று அதில் பார்த்துக்கொள்வேன்.

தோழிகளிடம் காட்டும் ஆசையில், கணக்குத் தேர்வு நாளன்று அதைப் பள்ளிக்குக் கொண்டுபோனது என் கிறுக்குத்தனம். தேர்வு முடிந்து பையிலிருந்து எடுத்தபோது கணக்கு டீச்சர் பார்த்துவிட்டார். வரைபடக் கணக்குக்குப் பெரிய முட்டை. அதோடு, பார்த்து வரைந்ததாக மன்னிப்புக் கடிதம் தராவிட்டால் மாதிரித் தேர்வு எழுத விடமாட்டோம் என்றார்கள்.

மறுநாள் அப்பா ஹெச்.எம். அறையில் கை கட்டி நின்றார். அதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எழுதிக் குடுத்துரு தாயி. பரீட்சை எழுத விட்டாப் போதும்" என்றார் மெதுவாக.

"செய்யாத தப்புக்கு எழுத மாட்டேன்ப்பா" என்றேன்.

என் விடைத்தாளையும் பறித்து வைத்திருந்த கால்குலேட்டரையும் கேட்டு வாங்கி, அங்கேயே அதே சமன்பாட்டைத் தட்டினேன். x இரண்டாக இருக்கும் இடத்தில் அந்த வளைகோடு அறுந்து, ஒரு துண்டு மேலேயும் இன்னொன்று கீழேயும் போக வேண்டும். அந்த மிஷினுக்கு அறுந்த இடம் தெரியாது. இரண்டு துண்டையும் சேர்த்து நெட்டுக்குத்தாக ஒரு கோடு இழுத்துவிடும். வீட்டில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அன்றைக்கும் இழுத்தது.

"இதைப் பாத்து வரைஞ்சிருந்தா இந்தக் கோடு என் பேப்பர்லயும் இருக்கணும்ல டீச்சர்?"

ஹெச்.எம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். டீச்சர் முட்டையை அடித்துவிட்டுப் பத்துக்கு ஒன்பது போட்டார். அளவுத்திட்டம் எழுதாததற்கு ஒன்று குறைத்தாராம். அது என் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எங்கள் அப்பாவிடம் ஒருத்தரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை; ஆறவும் வேண்டாம்.

இப்போது நானே கணக்கு டீச்சர். பேட்டரி மாற்றி மாற்றி அதே கால்குலேட்டரை வகுப்புக்கு எடுத்துப்போகிறேன். பிள்ளைகள் சோம்பேறியாகிவிடுவார்கள் என்கிறார்கள் கூட வேலை பார்ப்பவர்கள்; சொல்லிவிட்டுப் போகட்டும். நான் முதலில் காட்டுவதே அந்த அதிகப்பிரசங்கிக் கோட்டைத்தான். எந்தப் பிள்ளை மேல் சந்தேகம் வந்தாலும், பையைத் திறக்கும் முன் பேப்பரைப் படித்துவிடுகிறேன்.