டெட்லாக்கில் இரண்டு மாமாக்கள்

ஜெர்மனியில் நான் கணினி அறிவியல் முதுகலை படிக்கும் வகுப்பறையில் கணினி கிடையாது. பேராசிரியர் சாக்பீஸால் கரும்பலகை நிறைய எழுதுவார். நிறைந்ததும் வாளித் தண்ணீரில் பஞ்சை நனைத்துப் பலகையைக் கழுவி, பெட்ரோல் பங்க்கில் கார்க் கண்ணாடி துடைப்பது போல ரப்பர் பட்டையால் வழித்துவிட்டு, அது காயும்வரை எங்களைப் பார்த்துக்கொண்டு நிற்பார். நாங்களும் அவரைப் பார்த்துக்கொண்டிருப்போம். தேர்வும் காகிதத்தில்தான். காரைக்குடியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் அப்பாவிடம் இதைச் சொன்னபோது, "நம்ம கடையிலயாச்சும் ஒரு கம்ப்யூட்டர் இருக்கேத்தா" என்றார்.

ஊரில் கேட்பவர்களுக்காக என் பாடங்களை வரிசையாகவே சொல்லிவிடுகிறேன். ஒன்று, எந்தக் கணினியாலும் ஒருபோதும் செய்ய முடியாத வேலைகள் எவை என்று நிரூபிப்பது. இரண்டு, இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுப்பது. மூன்று, கற்றுக்கொடுத்ததை அது மறக்கும்படி செய்வது. இதற்கு வேறு பேராசிரியர், வேறு கட்டடம். நான்கு, ஒன்றையொன்று பார்க்க முடியாத பல கணினிகள் ஒரே முடிவுக்கு வருவது எப்படி என்பது. டெட்லாக் இந்த நான்காவதில் வருகிறது. இரண்டு நிரல்கள், ஒன்று நகர்ந்தால்தான் மற்றது நகரும். இரண்டும் காத்திருக்கும். எதுவும் பழுதில்லை, ஆனால் எதுவும் நடக்காது.

அதைப் படித்த வாரத்தில் அக்காவின் நிச்சயதார்த்தம் அப்படித்தான் நின்றுகொண்டிருந்தது. அம்மாவுடன் பிறந்தவர்கள் இருவர்: காளையார்கோவிலில் பெரிய மாமா, கல்லலில் சின்ன மாமா. பொதுக்கிணற்றில் யார் முறை என்று தொடங்கிய பேச்சில் இருவருக்கும் பேச்சே நின்றுபோனது. மாமன்மார் இருவரும் சபையில் நிற்காமல் தட்டு மாற்ற மாட்டோம் என்றார்கள் மாப்பிள்ளை வீட்டார். "அவன் மொதல்ல உள்ள போகட்டும், பொறவு நான் வாரேன். மொதல்ல போனா நான் எறங்கி வந்த மாதிரி ஆயிரும்" என்றார் பெரிய மாமா. சின்ன மாமாவும் இதையேதான், 'அவன்' வரும் இடத்தில் 'அவுக' போட்டுச் சொன்னார். ஏற்கெனவே ஒருமுறை நாள் தள்ளிப்போயிருந்தது. இனியும் தள்ளினால் வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம் என்று மாப்பிள்ளையின் அப்பா பதமாகச் சொல்லி அனுப்பிவிட்டார். அக்காவுக்கோ அந்த மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது.

"ஒன் படிப்புல இதுக்கு ஏதாச்சும் வழி இருக்காடி?" என்று போனில் கேட்டாள்.

"மூணு வழி இருக்கு. காத்துக்கிட்டு இருக்கதுல ஒண்ணைக் கொன்னுறலாம்."

"அப்பாகிட்ட சொல்லிறாத, யோசிச்சிருவாக. அடுத்து?"

"வலுக்கட்டாயமா ஒண்ணைத் தள்ளிவிடலாம். இல்லாட்டி ரெண்டையும் ஒரே நேரத்துல உள்ள விடணும்."

"இதப் படிக்கவா அம்புட்டுத் தூரம் போன?"

மறுநாள் பேராசிரியர் டெட்லாக்குக்கு அன்றாட வாழ்விலிருந்து உதாரணம் கேட்டார். ஊர்ப் பழக்கத்தில் எழுந்து நின்று, "என் இரண்டு மாமாக்கள்" என்றேன். அங்கிள் என்றிருக்கலாம், ஆனால் அங்கிள் என்றால் அப்பாவின் நண்பர், அவருக்குத் தாய்மாமன் உரிமை கிடையாது. ஜெர்மனில் மாமா என்றால் அம்மா என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை. வகுப்பு மரியாதையோடு அமைதியானது. "உங்கள் இரண்டு அம்மாக்களும் பேசிக்கொள்வதில்லையா?" என்று பேராசிரியர் மெதுவாகக் கேட்டார். "அவர்கள் ஆண்கள். இருவருக்கும் தனித்தனியே மனைவி உண்டு" என்று விளக்கினேன். அவர் தலையசைத்துவிட்டுப் பலகையைக் கழுவப் போனார். இடைவேளையில் ஒரு மாணவி என் தோளைத் தொட்டு, உங்கள் ஊர் இவ்வளவு முன்னேறியது என்று தெரியாமல் போயிற்றே என்றாள். ஊரின் சார்பில் நன்றி சொன்னேன்.

கடைசியில் மூன்றாவது வழியையே எடுத்தோம். மண்டபத்துக்குச் சாலையைப் பார்த்து ஒரே அளவில் இரண்டு வாசல்கள். வாசலுக்கு ஒரு அத்தை, அத்தை கையில் சந்தனத் தட்டு, தட்டில் பன்னீர்ச் செம்பின் மேல் சாய்த்துவைத்த போன். இரண்டு போனிலும் நான். எந்தப் பக்கமும் சேராதவள், அதுவும் அவ்வளவு தூரத்தில் இருப்பவள் அழைத்தால் மறுப்பதற்கில்லை என்று இருவருமே ஒப்புக்கொண்டிருந்தார்கள். நான் ஒரே ஒரு முறை, "வாங்க மாமா" என்றேன்.

ஒரே சொல் இரண்டு இடங்களுக்கு ஒரே நேரத்தில் போய்ச் சேராது. அதுவும் நான்காவது பாடத்தில் இருக்கிறது. சின்ன மாமாவின் போன் முந்திக்கொண்டது. வலது காலைத் தூக்கியவர், அண்ணன் நின்ற வாசலில் அசைவில்லை என்று கண்டதும் காலை அந்தரத்திலேயே நிறுத்தித் தூணைப் பிடித்துக்கொண்டார்.

"காலக் கீழ வைங்க, ஏன் இப்புடி நிக்கிறீக?" என்றாள் தட்டு வைத்திருந்த அத்தை.

"இரு. அங்குட்டு இன்னும் கேக்கலை போல."

அதற்குள் அங்கும் கேட்டுவிட்டது. இரண்டு கால்களும் சேர்ந்தே இறங்கின. அடுத்தவர்தான் முந்தி வந்தார் என்று இருவரும் இன்றுவரை சொல்லிக்கொள்கிறார்கள்.

அத்தைமார் தட்டுகளை வாசல் மேசைகளில் வைத்துவிட்டு மாமாக்களின் பின்னால் ஓடினார்கள். போன்களை யாரும் எடுக்கவில்லை. பிந்தி வந்தவர்கள் சந்தனத்துக்குக் குனிந்து என்னைப் பார்த்தார்கள். "வாங்க சித்தப்பா, வாங்கத்தை" என்றேன். "நல்லாருக்கியாத்தா, எப்ப வந்த?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்கள். தட்டு மாற்றும்போது எழுந்த கெட்டிமேளம் முதலில் ஒரு வாசல் வழியாகவும், பிறகு இன்னொரு வாசல் வழியாகவும் எனக்குக் கேட்டது. நீயும் உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை. வாசலில் நின்று அழைப்பவள் வீட்டுக்காரி. அவளை யாரும் அழைப்பதில்லை.

வாங்க, வாங்க என்ற சத்தம் கேட்டு பக்கத்து அறைத் தோழி என் அறைக் கதவைத் திறந்தாள். ஒற்றைக் கட்டிலையும் நாற்காலியையும் பார்த்துவிட்டு, யாராவது வந்திருக்கிறார்களா என்று கேட்டாள்.

"எல்லோரும் வந்துவிட்டார்கள்" என்றேன்.