பதினெட்டு மூச்சு

கனகவல்லி சிஸ்டருக்கு எப்போதும் சிரித்த முகம். அதற்காகவே, செங்கல்பட்டில் நாங்கள் வேலை பார்த்த தனியார் மருத்துவமனையில் 1996இல் அவளுக்குச் 'சிறந்த செவிலியர்' கேடயம் கொடுத்தார்கள். நான் கடுகடுவென்று இருப்பேன். என்னை யார் மேடைக்குக் கூப்பிடப் போகிறார்கள்?

நோயாளி எத்தனை முறை மூச்சு விடுகிறார் என்று கடிகாரத்தைப் பார்த்து முழு நிமிடம் எண்ண வேண்டும். கேடயக்காரிக்கு ஏது நேரம்? "கண்ணு, சாப்டியா?" என்று கன்னத்தைத் தடவிவிட்டு, எல்லார் கேஸ் ஷீட்டிலும், நல்ல உடம்புக்காரரின் கணக்கான பதினெட்டையே எழுதிவிடுவாள். ஒருநாள் ஞானதாஸ் என்பவரின் காலிக் கட்டிலுக்கும் பதினெட்டு எழுதினாள். அவர் மனைவி செங்கம்மாள் விடவில்லை.

"இன்னா சிஸ்டர், ஆளு டீக்கடைல குந்திகினு கீறாரு, மூச்சு மட்டும் இங்க வந்துகினு கீதா?"

கனகவல்லி அதற்கும் சிரித்தாள்.

அப்படிப்பட்டவளைத்தான் மாமல்லபுரம் சாலையில் புதிதாகத் திறந்த நர்சிங் பள்ளியில் ஆசிரியை ஆக்கினார்கள். செவிலியருக்கு வேண்டியவை அன்பு, பொறுமை, புன்னகை என்று பத்து வருஷம் பாடம் நடத்தினாள். மூச்சை எண்ண வேண்டும் என்று ஒரு நாளாவது சொல்லியிருப்பாளா?

2008இல் ஆஸ்துமா முற்றி எங்கள் வார்டிலேயே வந்து படுத்தாள். பேச முடியாமல் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். அவளிடம் படித்த பெண் பக்கத்தில் வந்து, "ஒண்ணும் இல்ல மேடம்" என்று அழகாகச் சிரித்து, பதினெட்டு என்று எழுதினாள்.

டாக்டரைக் கூப்பிட அந்தப் பெண்ணைத் துரத்திவிட்டு, நான் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். முப்பத்தாறு.