மூணு அலசல்

மலைச்சரிவுக் கிணறுகளில் தண்ணீர் எடுத்து ஆய்வகத்தில் சேர்ப்பது அவர் வேலை. பாட்டிலை அந்தந்தக் கிணற்றுத் தண்ணீராலேயே மூன்று முறை அலசிவிட்டுத்தான் நிரப்புவார். அதனால் ஆபீசில் அவருக்குப் பட்டப்பெயர் 'மூணு அலசல்'. வீட்டிலும் கை சும்மா இருக்காது. டம்ளரைக் காபியாலேயே அலசிக் கொட்டி மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

சரிவின் அடியில் இருந்த மகள் வீட்டுக் கிணற்றை மட்டும் அவர் சோதித்ததே இல்லை. தண்ணீர் அவ்வளவு ருசி! பேத்திக்கு இரண்டு மாதம் ஆனபோதுதான், மேலே உருளைக்கிழங்குத் தோட்டத்தில் மூட்டை மூட்டையாக உரம் போடுவதைப் பார்த்தார். உரத்தின் நைட்ரேட் மழையோடு இறங்கி, ஆழமில்லாத கிணற்றில் சேரும், நாக்குக்குத் தெரியாது. கைக்குழந்தையின் ரத்தத்தில் ஆக்சிஜனைக் குறைத்துவிடும்.

நேரே மகளிடம் போனார்.

"பாப்பாவுக்குப் பவுடர் பால் எந்தத் தண்ணியிலம்மா கலக்குற?"

"கிணத்துத் தண்ணிதான்பா. நல்லா கொதிக்க வச்சுத்தான், பயப்படாதீங்க."

கொதித்தால் தண்ணீர்தான் வற்றும், நைட்ரேட் அப்படியே இருக்கும் என்று அவர் விளக்கினார். மகள் முகம் வெளிறியது.

"உன்மேல தப்பில்லடா. பாப்பா நல்லாத்தான் இருக்கா. இனிமே மேல் ஊத்துத் தண்ணி கொண்டு வரேன். அது நான் சோதிச்சது."

அன்றே அந்தக் கிணற்றுத் தண்ணீரையும் பாட்டிலில் எடுத்து ஆய்வகத்தில் சேர்த்தார். நாலாம் நாள் ஆய்வகத்துப் பெண் போன் செய்தாள். "சார், நைட்ரேட் ரொம்ப அதிகம். ஆனா லேபிள்ல கிணத்து நம்பர் இல்ல, 'செல்லம்'னு எழுதியிருக்கீங்க. எந்தக் கிணறு சார்?"

பால் பாட்டிலை ஊற்றுத் தண்ணீரால் மூன்றாவது முறை அலசிக்கொண்டே அவர் சொன்னார்.

"முதல்ல பாத்திருக்க வேண்டிய கிணறும்மா."