உம்மு ஃபிராஸிடம் யார் சொல்வது

ஜோர்டானில், எங்கள் இர்பித் ஊர் மருத்துவமனையின் மார்பகப் படப்பிரிவுக்கு ருவைதா தலைவியான கதையை ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். தலைநகர் அம்மானில் வாங்கிய சான்றிதழாம், யாரையோ பிடித்து வாங்கிய சிபாரிசாம். மண்ணாங்கட்டி! பதிவு மேசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தவள் நான். அதில் என் தப்பும் உண்டு.

அப்போது அவள் படம் எடுப்பவள். நடுங்கிக்கொண்டு வரும் பெண்களுக்காக படக் கருவியின் குளிர்ந்த தட்டைக் கையால் தேய்த்துச் சூடாக்குவாள். தலைவி பதவி காலியாகி, எங்கள் வாரத்தின் முதல் வேலைநாளான ஞாயிற்றுக்கிழமை நேர்காணல் என்று தாளும் வந்துவிட்டது.

அதற்கு மூன்று வாரம் முன்பு கவ்லா என்ற பெண்ணின் படத்தில் மருத்துவர் ஏதோ கண்டார். ஊசி வைத்துச் சதை எடுத்துப் பார்க்க வேண்டும், உடனே வரச் சொல் என்றார். கவ்லாவை ஊரில் உம்மு ஃபிராஸ், அதாவது ஃபிராஸின் அம்மா, என்றால்தான் தெரியும். படிவத்தில் நான் எழுதியிருந்தது கணவர் அபூ ஃபிராஸின் எண். பெண்ணின் எண்ணை எங்கள் ஊரில் யார் கேட்பார்கள்? நானும் கேட்கவில்லை.

மூன்று முறை கூப்பிட்டேன். "வர்றோம்மா" என்றார், வரவில்லை. நான்காம் முறை ருவைதா போனைப் பிடுங்கினாள்.

"வெள்ளிக்கிழமை மக கல்யாணம். உம்மு ஃபிராஸ்கிட்ட யாரும் மூச்சு விடக்கூடாது. கேட்டா உடைஞ்சு போயிருவா" என்றார் அபூ ஃபிராஸ்.

"கல்யாணம் முடிஞ்சதும் கூட்டிட்டு வருவீங்களா?"

"அப்புறம் ரமலான் வந்துரும். பெருநாள் கழியட்டும்." வைத்துவிட்டார்.

"கல்யாணத்துக்கு நாம போறோம், விஸால்" என்றாள் என்னிடம்.

"உனக்குப் பைத்தியமாடி? நோயாளி வீட்டு வாசல மிதிச்சா வேலையே போயிரும். ஞாயித்துக்கிழமை நேர்காணல் வேற!"

அவள் காதில் வாங்கவேயில்லை.

வெள்ளி மதியம் கல்யாண வீட்டில் பெண்கள் பக்கம் குலவையும் கைதட்டலுமாக இருந்தது. ருவைதா கவ்லாவைச் சமையலறைக்கு இழுத்துப் போய், மன்சஃப் என்ற ஆட்டுக்கறிச் சோற்றுத் தட்டுகளுக்கு நடுவே விஷயத்தைச் சொன்னாள்.

கவ்லா அழவில்லை. "அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன். படம் எடுத்ததுலருந்து அவர் சரியாவே சாப்பிடறதில்ல. கேட்டா உடைஞ்சு போயிருவாரேன்னுதான் நானும் கேக்கல."

ருவைதாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நல்லா இருக்கு! நீங்க ரெண்டு பேரும் இப்படியே ஒருத்தர ஒருத்தர் காப்பாத்திக்கிட்டு இருங்க. அது பாட்டுக்கு வளரட்டும்!"

வாசலில் அபூ ஃபிராஸ், கையில் காலித் தட்டோடு. போனில் கேட்ட குரல் அவருக்குத் தெரிந்துவிட்டது. "வெளிய போ! நாளைக்கழிச்சு உனக்கு வேலை இருக்கான்னு பாரு!"

சொன்னபடியே செய்தார். ஞாயிறு காலை நேர்காணலுக்கு முன்பே புகார் அதிகாரிகளின் மேசைக்கு வந்துவிட்டது. "போனீங்களா?" என்று கேட்டார்கள். "போனேன்" என்றாள். பதவி வேறு ஒருத்திக்குப் போயிற்று. இரண்டு வருடம் கழித்துத்தான் இவளுக்குக் கிடைத்தது. படிவத்தில் பெண்ணின் சொந்த எண்ணை எழுதுவதும், முடிவை முதலில் அவள் கையில் கொடுப்பதும் இப்போது எங்கள் பிரிவில் சட்டம்.

அன்று நேர்காணல் அறையிலிருந்து ருவைதா வெளியே வந்தபோது நான் எழுந்து ஓடினேன். பார்த்தால் பெஞ்சில் கவ்லா. மருதாணிக் கை, தனியாக வந்திருந்தாள். "ஊசி குத்த வந்தேன்" என்றாள்.

பத்து நாளில் முடிவு வந்தது. புற்றுதான், ஆனால் பரவவில்லை. அன்று அபூ ஃபிராஸும் வந்திருந்தார். மருத்துவர் வழக்கம்போல அவரைத்தான் உள்ளே கூப்பிட்டார். ருவைதா கதவை மறித்து நின்றாள். "முதல்ல அவங்க, டாக்டர்."

உள்ளே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்ட கவ்லா ருவைதாவிடம் கேட்டாள்: "இப்ப அவர்கிட்ட யார் சொல்றது?"

"நீங்கதான். நான் பக்கத்துல நிக்கறேன்."

வெளியே வந்து கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். அந்த மனிதர் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கவ்லா அவர் தலையைத் தன்னோடு அணைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"ஒரு டம்ளர் தண்ணி கொண்டாம்மா, இவருக்கு."