இடது கண்ணால் பார்த்த குவிமாடம்

நான் கொத்தனார். ஊர் வடக்கனந்தல். என் மனைவியும் என்னோடு சித்தாள் வேலைக்கு வருவாள். கல்வராயன் மலையில் ஒரு வீட்டுக்கு வெள்ளையடித்தபோது சுண்ணாம்புக் கரைசல் என் இரண்டு கண்ணிலும் தெறித்துவிட்டது. குடிக்க வைத்திருந்த தண்ணீரைக் குடத்தோடு தூக்கி அவள் என் முகத்தில் ஊற்ற ஆரம்பித்தாள். எரிச்சல் தாங்காமல் அவளைத் திட்டினேன், கையைத் தட்டிவிட்டேன். அவள் நிறுத்தவில்லை. அந்தக் குடம் தீர்ந்ததும் பக்கத்து வீட்டுக்கு ஓடி இன்னொரு குடம் கொண்டுவந்தாள்.

வலது கண் சில நாளில் தெளிந்தது. இடது கண்ணுக்குப் புதுச்சேரியில் ஆபரேஷன். கட்டைப் பிரித்த காலையில், அன்றைக்கு அப்படித் தண்ணீர் ஊற்றாமல் விட்டிருந்தால் இரண்டு கண்ணுமே போயிருக்கும் என்றார் டாக்டர். இடது கண்ணில் பார்வை மெல்லத்தான் வருமாம். அவள் தலையாட்டிவிட்டு, சொட்டு மருந்து எத்தனை வேளை என்று கேட்டாள்.

வெளியே வெயிலில் கண் கூசியது. பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் பக்கத்திலிருந்த பழைய மாதா கோயிலுக்கு என்னைக் கைப்பிடித்துக் கூட்டிப்போனாள். மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள் நாங்கள். வாசலிலேயே தயங்கி நின்றோம். உள்ளே பெருக்கிக்கொண்டிருந்த ஓர் அம்மா, யார் வேண்டுமானாலும் வரலாம், நடுவில் நின்று மேலே பாருங்கள் என்றார்.

வலது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு அண்ணாந்தேன். முதலில் வெறும் வெள்ளைப் புகை. பிறகு ஒரு பெரிய வளைவு. அதில் வெளிச்சம் வட்ட வட்டமாகத் தெரிந்தது. எண்ணினேன். எட்டு. அவளிடம் கேட்டேன்.

"எட்டு ஜன்னல்தாங்க," என்றாள்.

நடுவே ஒரு தூண்கூட இல்லை. நாலு பக்கத்து வளைவுகளும் அந்தக் குவிமாடத்தைத் தாங்கி நின்றன. இவ்வளவு உயரத்தில் சாரம் எப்படிக் கட்டியிருப்பார்கள் என்று அவள் கேட்டாள். எனக்கும் தெரியவில்லை. பூச்சில் ஒட்டுப்போட்ட இடம் தெரிகிறதா என்று தேடினேன், அகப்படவில்லை.

பெஞ்சில் உட்கார்ந்ததும் சொன்னேன்: "அன்னிக்கு உன்ன அவ்ளோ திட்டனேன். நீ ஊத்திக்கினே இருந்த. அதாலதான் இத பாக்கறேன்."

"நீங்க திட்டனது இன்னான்னே எனக்கு ஞாபகம் இல்லீங்க," என்றாள். "தண்ணி பத்துமான்னுதான் பயந்துகினு இருந்தேன்."

அவள் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். பெருக்கும் அம்மா எங்களுக்காக மின்விசிறியைப் போட்டுவிட்டுப் போனார்.

இப்போது மறுபடியும் பூச்சு வேலைக்குப் போகிறேன். இடது கண்ணில் கொஞ்சம் மங்கல் இருக்கிறது. நான் பூசிய சுவரை அவள்தான் கடைசியாகத் தடவிப் பார்த்துச் சரி என்கிறாள்.